ஃபார்மலினில் போட்ட நேரம்

எனக்குக் காலையிலேயே கால் வீங்கிவிடும். நின்றபடி செய்கிற வேலை, இருபத்திரண்டு வருடம். அதனால் ஆய்வகத்தில் நாற்காலியைக் கண்டால் உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் கேட்கிற விஷயமும் அப்படி உட்கார்ந்ததில் வந்ததுதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அறுவை அறையிலிருந்து கட்டியின் சதைத்துணுக்கு வரும். அதன் செல்களில் ஒரு புரதம் உண்டு. அந்தப் புரதத்தில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் மட்டும் போய்ப் பற்றிக்கொள்கிற ஆன்டிபாடி எங்களிடம் இருக்கிறது. பற்றினால் கண்ணாடித் தகட்டில் பழுப்பு தெரியும். டாக்டர் மாத்திரை எழுதுவார். தெரியாவிட்டால் எழுதமாட்டார், பிரயோசனமில்லை. ஒரே ஒரு நிபந்தனை. துணுக்கை வந்த கையோடு, சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட வேண்டும். சும்மா வைத்தால் செல்லுக்குள் இருக்கும் நொதிகளே பாஸ்பேட்டைக் கழற்றிவிடும். புரதம் அப்படியே இருக்கும், ஆன்டிபாடிக்குத்தான் பிடி கிடைக்காது.

அக்காவுக்குக் கட்டி வந்தது அது மூன்றாவது தடவை. முதல் தடவையே தண்டுவடத்தை அழுத்தி, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. ஒன்பது வருடமாகக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். குறையாகச் சொல்லவில்லை. அவள் தங்கமானவள், என்னை வளர்த்தவள். ஆனால் செக்குமாட்டைக்கூடச் சாயங்காலம் அவிழ்த்துவிடுகிறார்கள்.

"மாத்திரை ஒத்துக்கிச்சுன்னா இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பாங்க. நடக்க மட்டும் வராது" என்றார் டாக்டர். சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். அந்தப் பத்தை ஒன்பதோடு கூட்டிப் பார்த்தேன்.

அறுவை அறைக்குள் போகுமுன் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் சதை உன் கைக்குத்தானேடி வரப்போகுது. எனக்கென்ன பயம்?"

பத்து மணி பத்து நிமிடத்துக்கு டப்பா வந்தது. மேசைமேல் வைத்தேன். கால் விண்விண்ணென்று தெறித்தது. உட்கார்ந்தேன். பதினொன்று இருபதுக்கு எழுந்து ஃபார்மலின் ஊற்றினேன். வேறெதுவும் செய்யவில்லை. தகடு வெளிறி வந்தது. மறுபடி இரண்டு முறை சாயமேற்றிப் பார்த்தேன், எல்லாம் முறைப்படி.

டாக்டருக்கு மனசு கேட்கவில்லை, இன்னொரு துணுக்கு எடுக்கலாமா என்றார். அக்காதான் வேண்டாம் என்றுவிட்டாள்.

"என் தங்கச்சி கை பண்ணினது தப்பா இருக்காது டாக்டர்."

ஐந்து மாதம் இருந்தாள். கடைசி நாள்வரை நான்தான் புரட்டிப் படுக்கவைத்தேன். ஒரு படுக்கைப்புண் வரவிடவில்லை.

டப்பாவில் இரண்டு நேரம் எழுதுவோம்: வந்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். பொய் எழுத எனக்குக் கை வராது. அதைப் பார்த்துத்தான் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். "களைப்புல நடந்துபோச்சு, கவனக்குறைவுன்னே எழுதிக்கறேம்மா" என்கிறீர்கள். உங்களுக்குப் பெரிய மனசு. களைப்பு என்பது சத்தியம். ஆனால் கவனக்குறைவு என்று எழுதாதீர்கள், என் வேலையில் அந்தப் பேச்சு இதுவரை வந்ததில்லை. அன்று அதே தட்டில் முன்பின் தெரியாத ஒருவருடைய துணுக்கும் வந்தது. அந்த டப்பாவையும் எடுத்துப் பாருங்கள். வந்த நேரம் பத்து பத்து. போட்ட நேரம் பத்து பதினொன்று. அதை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.