பதினேழாம் கூண்டின் தகப்பன்

வணக்கத்துக்குரிய பிக்குகளே, நிலையத் தலைவர் அவர்களே, மாலிவான் அண்ணி அவர்களே, விஷம் எடுக்கும் கூடத்திலிருந்து கை கழுவிய ஈரத்தோடு வந்து நிற்கும் தோழர்களே!

பாம்புக் காப்பாளர் தவீசக் அண்ணனின் இறுதிச் சடங்கில் நின்று அவரைப் புகழ எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவரைப் பாம்புகளிடமிருந்து பிரித்து, தீனி எலி வளர்க்கும் கூடத்துக்கு மாற்றிய அறிக்கையில் கையெழுத்திட்டவள் நான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், பதினேழாம் கூண்டில் தனியாக இருந்த கண்ணாடி விரியன் இருபத்திரண்டு குட்டிகள் ஈன்றது. அதனோடு இருந்த ஆண் செத்து இரண்டரை ஆண்டு ஆகியிருந்தது. கூண்டு கழுவும்போது வேறோர் ஆணை அண்ணன் தவறிச் சேர்த்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். சாப்பாட்டு வேளையில் எல்லாரும் கேலி செய்தார்கள்.

"மாப்பிள்ள யாருண்ணே, நீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே நூடுல்ஸைக் கிளறினார். என்னிடம் மட்டும் சிரிக்கவில்லை.

"வேற ஆண விட்டிருந்தா கூண்டு அட்டையில எழுதியிருப்பேன், டாக்டர். இதுங்க செத்தவனோட பிள்ளைங்கதான். அவ உள்ளுக்குள்ளயே வச்சிருந்திருக்கா."

பெண் பாம்பு ஆணின் விந்தை ஆண்டுக்கணக்கில் உடலுக்குள் காத்து வைத்திருந்து, பிறகு கருத்தரிக்கக்கூடும் என்பதை நான் படிக்காதவளா? படித்திருந்தேன். ஆனாலும் காப்பாளரின் மறதியே எளிய விளக்கமாகத் தோன்றியது. என் பதவி அப்படி நினைக்க வைத்தது.

செத்த ஒவ்வொரு பாம்பின் வால்நுனியையும் ஸ்பிரிட் புட்டியில் போட்டு வைப்பது அவர் வழக்கம். அந்த ஆணின் புட்டியை என் மேசையில் வைத்தார். "சோதிச்சுப் பாருங்க. அவசரமில்ல," என்றார். அந்தச் சொல்லை நான் நான்கு ஆண்டுகள் வசதியாகப் பிடித்துக்கொண்டேன். தீனி எலிகளோடு வருவார், விரியன் கூண்டின் முன் சற்று நிற்பார், என்னைப் பார்ப்பார், போய்விடுவார். ஒருமுறை கேட்டிருக்கலாமே அண்ணா! ஒரே ஒருமுறை!

சென்ற மாதம்தான் அந்த வால்நுனியையும் குட்டிகள் உரித்த சட்டையையும் மரபணுச் சோதனைக்கு அனுப்பினேன். தகப்பன், செத்துப்போன அதே ஆண். அந்த முடிவு பதினோரு நாள் என் பையில் கிடந்தது. மன்னிப்பைச் சரியான சொற்களில் எழுதிக் கொடுக்கலாம் என்றிருந்தேன். பன்னிரண்டாம் நாள் அவர் மாரடைப்பில் போய்விட்டார்.

இந்த அவையின் முன் அந்த அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். தனித்திருக்கும் பெண் பாம்பு ஈன்றால் இனி முதலில் சோதனை. அதற்கு முன் எந்தக் காப்பாளர் மீதும் பழி இல்லை. தவீசக் அண்ணன் பெயரால் இதை நிலையத்தின் விதியாக்குவோம்.

"நான் அப்பவே சொன்னேன்ல, டாக்டர்?" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிக்காட்ட அவருக்கு முழு உரிமை இருந்தது. அதைக் கேட்கத்தான் மனம் ஏங்குகிறது.