வக்கீல் வைக்காத வில்ஃப்

வீடு வாங்கப் போகிறவர்கள் முதலில் வீட்டைப் பார்க்கிறார்கள். தப்பு, இன்ஸ்பெக்டர். முதலில் வக்கீலைப் பார்க்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வீடுகள் செலவாயின.

முதல் வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் நான் வக்கீலைத் தேடப் புறப்பட்டேன். கிடைப்பதற்குள், வக்கீலோடு தயாராக வந்த ஒரு பல் டாக்டர் வீட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். இரண்டாவது வீடு, என் வக்கீல் விடுமுறையிலிருந்து திரும்புவதற்குள் விலையை ஏற்றிக் கேட்டவருக்குப் போனது. இங்கிலாந்தில் ஒப்பந்தம் கைமாறும்வரை எவர் வாக்கும் எவரையும் கட்டாது. நானும் என் மனைவி ஹிலரியும் அவள் அக்கா வீட்டுப் பின்னறையில், துணி உலர்த்தும் இயந்திரத்தை ஒட்டிப் படுத்திருந்தோம். அது சுற்றினால் கட்டிலும் ஆடும். கல்யாணமான புதிதில் என்றால் பெருமையாவது பட்டிருப்பேன்.

ஆகவே மூன்றாவது முறை, வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆஷ்வொர்த் அம்மாவை வக்கீலாக அமர்த்தினேன். பிறகுதான் கெண்டல் ஊரில் ஆர்மராட் தம்பதியின் வீட்டுக்குப் போனோம். வீடு அவ்வளவு பிடித்துப்போய், ஹிலரி அடுப்படி ஜன்னலருகே நின்று அழுதுவிட்டாள். வீட்டுக்கார ஈனிட் அம்மாவுக்கு அதை விற்றுவிட்டு மோர்காம் கடற்கரையில் தங்கையோடு போய் இருக்க ஆசை. அவர் கணவர் வில்ஃப் என் கையைக் குலுக்கி, "வீடு ஒங்களுதுதான் தம்பி" என்றார்.

ஆனால் வக்கீல் மட்டும் வைக்கவில்லை.

"கை குடுத்தாச்சுல்ல, அப்புறம் எதுக்கு வக்கீலு?"

"நீங்க ஒருத்தரை வச்சாத்தானே என் வக்கீல் அவருக்கு எழுத முடியும்?"

"எனக்கே எழுதச் சொல்லுங்க. எனக்கு எவன் கடுதாசி போடறான்?"

"இந்த மனுசன் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கவே நாலு வருசம் இழுத்தடிச்சாரு" என்றார் ஈனிட்.

நானும் சிரித்தேன். நல்ல மனிதர், கோர்ட்டிலும் அதையே சொல்வேன். டாஃபடில் பூக்கட்டும் என்றார். பூத்தது. பீன்ஸ் கொடி ஏறட்டும் என்றார். ஏறியது. வீட்டைப் பற்றி நகராட்சியில் நான் வாங்கி வைத்திருந்த அறிக்கைகளும் வங்கி கொடுத்த கடன் உறுதியும் காலாவதியாகும் நிலைக்கு வந்தன.

ஒருநாள் ஆஷ்வொர்த் அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன்: "விக்கிறவங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் இல்லாமப் போனா?"

"பத்திரத்துல ரெண்டு பேரும் கூட்டா இருக்காங்க. ஒருத்தர் போனா வீடு தானா மத்தவங்களுக்கு. இறப்புச் சான்றிதழ் போதும். ஏன், யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?"

"சேச்சே, கல்லு மாதிரி இருக்காங்க."

முன்கூட்டியே வக்கீல் வைப்பதில் இதுதான் வசதி. எதைக் கேட்டாலும் பதில் வரும்.

அந்த வாரமே ஈனிட் முடி திருத்தப் போயிருந்த நேரமாகப் போய், பரணை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றேன். வில்ஃப் தானே ஏணியைச் சாத்தினார்.

"கெட்டியாப் புடிங்க தம்பி. நான் விழுந்து செத்தா, அப்புறம் வக்கீல் வைக்கச் சொல்லி யார்கிட்டப் போய்ப் பொலம்புவீங்க?"

பிடித்தேன். அவர் மேல்படிக்குப் போனதும் இழுத்தேன்.

விழுந்த பிறகும் மூச்சு இருந்தது. காலில் மிதிபட்டுவிடப் போகிறதே என்று அவருடைய மூக்குக் கண்ணாடியை எடுத்து, துடைத்து, மேசைமேல் மடித்து வைத்தேன். தரை சில்லென்று இருந்ததால் கம்பளி போர்த்தினேன். மூச்சு நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுப் போக மனம் வரவில்லை. அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அடக்கம் முடிந்த மறுநாளே ஈனிட் வக்கீல் வைத்தார். பார்த்தீர்களா, எவ்வளவு சுலபம். ஆனால் ஆஷ்வொர்த் அம்மா இறப்புச் சான்றிதழைப் பார்த்ததும் எனக்கு எழுதவில்லை, உங்களைக் கூப்பிட்டுவிட்டார். நல்ல வக்கீல். கேட்ட கேள்வி எதையும் மறக்க மாட்டார். ஹிலரி இன்னும் அந்தப் பின்னறையில்தான் படுக்கிறாள். என்னைப் பார்க்க வர மறுக்கிறாள். எனக்கு ஆற்றாமை அதில்தான்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: வில்ஃப் மட்டும் காலாகாலத்தில் ஒரு வக்கீலை வைத்திருந்தால், இன்றைக்கு மோர்காமில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தலைபாடாக அடித்துக்கொண்டேன். தன் உயிர் விஷயத்தில்கூட மனிதர் இவ்வளவு அலட்சியமாக இருந்தால், பக்கத்தில் இருக்கிறவன் என்னதான் செய்வது?