ஜமேக்காக்காரி வென்ற நாளில் எரிந்த சட்டை

தொண்ணூறுகளில் ஒரு காலை, இத்தாலியில், பலேர்மோ நகரின் நெரிசலான பஸ் ஒன்றில் எனக்கு முன்னால் இரண்டு தமிழ்ப் பெண்கள் நின்றார்கள். இருவரும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள்; வீட்டு முதலாளியைச் சிக்னோர் என்றும் அவர் மனைவியைச் சிக்னோரா என்றும் சொல்பவர்கள்.

"ஜமேக்காக்காரி வெண்டதில சிக்னோரின்ர சேட்டு எரிஞ்சுபோச்சு, அக்கா," என்றாள் இளையவள்.

"ஆரடி அவள்?"

"ஓட்டக்காரி. உலகப் போட்டியளில எத்தினையோ வருசமா ரெண்டாவதும் மூண்டாவதுமா வந்தவள். முப்பது தாண்டியும் விடேல்லை. நேற்றுத்தான் முதலாவதா வந்தவள். டிவியில பாத்துக்கொண்டு, அயன்பொக்ஸைச் சேட்டிலயே வைச்சுப்போட்டு அழுதுகொண்டு நிண்டிட்டன்."

"சிக்னோரா ஏசினவவே?"

"இல்லை. அவவும் என்னோட நிண்டு அழுதவ."

"அவள் வெண்டதுக்கு நீ ஏனடி அழுதனீ?"



"மன்னாரில நானும் பள்ளிக்கூடத்துக்காக ஓடினனான். சண்டை துவங்கினாப்பிறகு எல்லாம் விட்டுப்போச்சு. முப்பது வயசாகுது, இனி என்ன எண்டு இருந்தன். இண்டைக்கு விடிய எழும்பி, நான் இருக்கிற கால்சாவில இருந்து துறைமுகம் மட்டும் ஓடிப் பாத்தன்."

"ஐயோ, ஆரும் பாத்தவையோ?"

"கப்பலில சாமான் ஏத்துறவங்கள் வேலையை விட்டிட்டுப் பாத்தவங்கள்."

"சிரிச்சவங்களோ?"

"ஓம், முதல் சிரிச்சவங்கள். நான் நிக்காமல் ஓடினன். திரும்பி வரேக்கை கைதட்டினவங்கள்."