இடக்கண்

தேத்தண்ணியைக் குடியுங்கள் தங்கச்சி, ஆறிப்போகிறது. சீனியும் இஞ்சியும் தவிர அதில் வேறொன்றும் இல்லை. கதவைத் திறந்தே விடச் சொன்னீர்கள், விட்டிருக்கிறேன். ஆனால் வந்ததிலிருந்து என் இடக்கண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உப்புக்காற்றும் வெய்யிலும் படுகிற ஊரில் கண்ணில் சதை வளர்வது சாதாரணம். குச்சவெளி மீன்காரரில் பாதிப்பேருக்கு இருக்கிறது. கண் டொக்டருக்கு வரக்கூடாது என்று சட்டம் இல்லையே. வெட்டத்தான் நம்பிக்கையான ஆள் கிடைக்கவில்லை.

உங்கள் அக்கா ஞானமணியைப் பற்றிக் கேட்கத்தானே வந்தீர்கள். துறைமுக வீதியில் இந்தக் கண் ஆஸ்பத்திரியில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான் டொக்டர்மார். அவர் எனக்கு முன்னமே வந்தவர். பொறுப்பை நிர்வாகம் எனக்குத் தந்தது. சண்டைக் காலத்தில் ஒரு பெண்பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை வைக்கலாமா? சனம் அவரை, தாதிமாரைக் கூப்பிடுவதுபோல, 'மிஸி' என்றுதான் கூப்பிடும். நான் திருத்தப் போகவில்லை. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

மூதூரிலிருந்து லோஞ்சில் கடல் கடந்து வருகிற கிழவர்கள், வெண்புரை வெட்டவென்றால் மிஸிதான் வெட்டவேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். பக்கீர் என்கிற மனுசன் என் கத்திக்கு முன்னால் படுத்திருந்தவர், எழும்பி அவரிடம் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது என்று ஊர் சொல்லும். அப்படியில்லை, சிரித்துவிட்டு முழு வேலையையும் அவருக்கே விட்டேன். வெட்டியது யார் என்று கேட்ட நிர்வாகத்துக்கு என் பெயரைச் சொன்னேன். பொறுப்பாளரின் பெயர்தானே சொல்லவேண்டும்?

அவர் களைத்துப்போனார். கை கழுவும்போது நின்றபடியே கண்ணயர்வார். ஒருநாள் வந்து, "ஒரு கிழமை லீவு தாங்கோ டொக்டர். எனக்கு இனி ஏலாது" என்றார். லீவு கொடுத்தால் யார் வெட்டுவது என்று கேட்டேன். பாவம், அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

பிறகு கொழும்பிலிருந்து நிர்வாகத்து ஆள் ஒருவர் வந்து, வேலை திருப்தியா என்று எங்கள் இருவரையும் இருத்தி வைத்துக் கேட்டார். மிகவும் திருப்தி என்றேன் நான். உங்கள் அக்கா குரலை உயர்த்தவேயில்லை. "வெட்டுறது எனக்குப் பிடிக்கும். நான் வெட்டினதை இவர் வெட்டினதாச் சொல்லுறதுதான் பிடிக்கேல்லை" என்றார். அடுத்த மாதம் பொறுப்பு அவருக்குப் போகும் என்று செய்தி வந்தது. நீங்களே யோசியுங்கள், களைத்துப்போனவர் மேல் இன்னும் பாரம் ஏற்றுவதா? அவருக்கு வேண்டியது ஓய்வு. அது என் ஒருவனுக்குத்தான் விளங்கியது.

ஊருக்குள் துவக்கோடு திரிந்த ஆமிக்காரரின் அதிகாரி ஒருவர் என்னிடம் கண் காட்ட வருவார். கதையோடு கதையாக, காயப்பட்டு வந்த ஓர் இயக்கப் பெடியனின் கண்ணிலிருந்து மிஸி இரும்புத்துண்டு எடுத்ததைச் சொன்னேன். பொய் இல்லையே. அந்தப் பெடியனை அவரிடம் அனுப்பியதே நான்தான். அப்போது எனக்குச் சாப்பாட்டு நேரம்.

தொண்ணூறில் உப்புவெளியில் சுற்றிவளைப்பு நடந்தது உங்களுக்குத் தெரியும். சனத்தை மைதானத்தில் வரிசையாக நடத்தினார்கள். முகமூடி போட்ட தலையாட்டி யாரைப் பார்த்துத் தலையாட்டினானோ, அந்த ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை. முகமூடியை நான் விரும்பிக் கேட்கவில்லை, அந்த அதிகாரிதான் தந்தார். உள்ளே ஒரே வெக்கை. கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. கண்ணை மட்டும் வைத்து ஆளைக் கண்டுபிடிக்க யாரால் ஏலும் என்று நினைத்தேன்.

உங்கள் அக்காவால் ஏலும். என் முன்னால் வந்து நின்று, நோயாளியைப் பார்ப்பதுபோலக் கொஞ்சம் குனிந்து பார்த்தார். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்ற நல்லம்மா உங்களுக்குச் சொல்லியிருப்பா, அதனால்தான் வந்ததும் என் கண்ணைத் தேடினீர்கள். நல்லம்மா சரியாகத்தான் கேட்டிருக்கிறா. உங்கள் அக்கா சொன்னது இதுதான்.

"இடக்கண்ணில சதை கருமணிக்குக் கிட்ட வந்திட்டுது. வெட்டவேணும். பிந்தாதேங்கோ."

அதுவரை நான் அசையவேயில்லை, தங்கச்சி. நல்லம்மாவிடமே கேட்டுப் பாருங்கள். டொக்டர் ஒன்று சொன்னால் நோயாளி ஓம் என்று தலையாட்டுவது வழக்கம்தானே. நான் அதற்குத்தான் தலையாட்டினேன்.