இருதயத்துக்கு அட்டமத்துச் சனி

“என்ட இருதயத்துக்கு அட்டமத்துச் சனியாம்.”

நிலாவெளியிலிருந்து திருகோணமலைக்கு வந்த பஸ்ஸில் எனக்கு முன்னிருக்கைக்காரர் இப்படிச் சொன்னார். அவர் மடியில் கிளினிக் கொப்பி இருந்தது. பக்கத்தில் அவருடைய மனைவியின் தம்பி.

“அப்ப ஸ்டென்ட் வைக்கேல்லையோ, அத்தான்?”

“இப்ப வேண்டாமாம். அடைப்பு இருக்குத்தான், ஆனா இருதயம் களைச்சுப்போய்க் கிடக்கு, முதல்ல குளிசையால தேத்துவம், மூண்டு மாசத்தால பாத்து முடிவெடுப்பம் எண்டு டொக்டர் படம் கீறிக் காட்டினவர்.”

“அக்கா என்ன சொன்னவ?”

“கத்தினா. பக்கத்து வீட்டுக்காரருக்கு ரெண்டு வச்சவங்கள், உங்களுக்கு ஒண்டுகூட இல்லையோ எண்டு. டொக்டருக்கு ஒண்டும் தெரியாதாம். நேரே சாத்திரியாரிட்டப் போயிட்டா.”

“அவர் என்னவாம்?”

“குறிப்பைப் பாத்தார். சனி விலக இன்னும் மூண்டு மாசம் கிடக்கு, அதுவரைக்கும் இருதயத்தில ஆரும் கை வைக்கக்கூடாது எண்டார். அவ்வளவுதான். இப்ப உன்ட அக்கா மணிக்கூட்டைப் பாத்துக் குளிசை தாறா. கறியில உப்பும் இல்லை.”

தம்பி நெஞ்சில் கை வைத்தார். “டொக்டர் சொன்ன அதே மூண்டு மாசம்! வெறும் கட்டத்தைப் பாத்தே சொல்லியிருக்கிறாரே, அத்தான்!”

நான் உப்புவெளியில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை.

அத்தான் குரலைத் தாழ்த்தினார்.

“அக்காவுக்குச் சொல்லிப்போடாத. அண்டைக்குக் கிளினிக் வாங்கில சாத்திரியார் எனக்குப் பக்கத்திலதான் குந்தியிருந்தவர். அவருக்கும் அதே டொக்டர், அதே குளிசை, அதே மூண்டு மாசம்.”