பட்டனை அமுக்கினவர்

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் பஸ். பெருமுக்கல் தாண்டியதும், முன்சீட்டில் மடியில் லேப்டாப் வைத்திருந்தவர் பக்கத்திலிருந்த பெரியவரிடம் சொன்னார்:

"அண்ணே, மூணு நாளா மத்தியானத்துல நம்ம உப்பளத்து வாக்கிடாக்கி நெட்வொர்க்கையே நீங்க அடைச்சினு இருந்தீங்க."

"நானா? அப்ப நான் தூங்கினு இல்ல இருப்பேன்!"

"யாரோ வாக்கிடாக்கி பட்டனை விடாம அமுக்கினு இருக்காங்கன்னு, ரிப்பீட்டர் டவர் வழியா போற டேட்டா பாக்கெட்டையெல்லாம் லேப்டாப்புல புடிச்சிப் பார்த்தேன். ஒவ்வொண்ணுலயும் உங்க செட்டு நம்பர்."

"தலகாணிக்கு அடியில வெச்சிருந்தேன்பா."

"அதான். உப்பளத்துக்கு மழை வருதுன்னு சொல்லக்கூட வழியில்ல. எல்லா செட்லயும் உங்க குறட்டைதான்."

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நிறுத்தித் தொலைச்சிருக்கலாமே?"

"நேத்து லேப்டாப்புலேர்ந்தே உங்க செட்டை நிறுத்திட்டேன். அஞ்சு நிமிஷத்துல கீழ்புத்துப்பட்டுலேர்ந்து ஒருத்தர் எனக்கு போன் பண்ணி, 'பெரியவருக்கு மூச்சு இருக்குதா'ன்னு பதறுறாரு."

"யாரு அவரு?"

"தெரியல. குறட்டையிலதான் பழக்கமாம்."

பெரியவர் மஞ்சப்பையிலிருந்து செட்டை எடுத்தார். "ஒரு நிமிஷம் தொறந்து விடுப்பா."

லேப்டாப்காரர் ஏதோ தட்டினார். பெரியவர் பட்டனை அமுக்கி, "கீழ்புத்துப்பட்டு, நல்லாத்தாங்க இருக்கேன்" என்றார்.

உடனே பதில் வந்தது: "அப்பாடா. சாப்டீங்களா?"