ஏழாவது பல்

– கையெழுத்து கிடையாதுன்னு ஒரு தடவை சொன்னா போதாதா? உன்னைக் கதவுக்குள்ள விட்டதே தப்பு.

– ஐயா, ஒரு தடவை வாசிச்சுப் பாத்துட்டு அப்புறம்…

– எனக்குப் படிப்பு அஞ்சாவதோட சரி. ஆனா முப்பது வருஷம் அச்சடிச்சவன். காகிதத்துல எவ்வளவு பொய் ஏறும்னு என்னைவிட எவனுக்குத் தெரியும்?

– அப்ப நானே வாசிச்சுக் காட்டட்டுமா?

– நீ வாசிச்சா உனக்கு வேணுங்கிறதைத்தானே வாசிப்ப?

– என்னங்க, வந்த பொண்ணை நிக்க வெச்சே விரட்டாதீங்க. உக்காரு கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உக்காரு.

– பரவாயில்லம்மா.

– இவ ஒருத்தி. யார் வந்தாலும் நாற்காலியைப் போட்டுடுவா. போன மாசம் தண்ணி வடிகட்டி விக்க வந்தவனுக்கும் போட்டா. மூணு மணி நேரம் எந்திரிக்கல அவன்.

– நான் எதுவும் விக்க வரலைய்யா. ரேடியோவுல நிகழ்ச்சி பண்றேன்.

– எந்த ரேடியோ?

– சின்னது, இன்டர்நெட்ல. வாரத்துக்கு ரெண்டு மணி நேரம். யாருக்கும் தெரியாம போன பழைய புரோக்ரசிவ் ராக் குழுக்களைத் தேடிப் பிடிச்சு, அவங்க ஆல்பத்தைப் போடுவேன்.

– ராக்குன்னா கத்துறதுதானே?

– இதுல கத்துறது கம்மி. ஒரே பாட்டு இருபது நிமிஷம் ஓடும். நடுவுல தாளம் மாறும், அடங்கும், திடீர்னு வேற எங்கயோ போயிட்டு ஆரம்பிச்ச இடத்துக்கே திரும்பி வரும்.

– வழி தெரியாம போனவன் கதை மாதிரி. யாரு கேக்குறா இதை?

– நூத்தி நாப்பது பேர்.

– பஸ் கவுந்தா அதைவிட அதிகம் பேர் நின்னு பாப்பாங்க.

– உண்மைதான். ஆனா என் ஆளுங்க பைத்தியம் பிடிச்ச மாதிரி கேப்பாங்க. போன வருஷம் ஒரு ஆல்பம் கிடைச்சுது, பழைய சாமான் கடையில, உடைஞ்ச மின்விசிறிக்கு அடியில. மூணு புல்லாங்குழல், ஒரு டிரம்ஸ், கலங்கரை விளக்கத்தைப் பத்தி நாப்பது நிமிஷம் ஒரே பாட்டு. மாட்டுக் கொட்டாய்ல வெச்சுப் பதிவு பண்ணியிருக்காங்க. உலகத்துலயே இருநூறு இசைத்தட்டுதான்.

– மாடு என்ன சொல்லுச்சாம்?

– பன்னிரண்டாவது நிமிஷத்துல ஒண்ணு கத்தும். அந்த இடம்தான் எல்லாருக்கும் உசுரு.

– சரிதான். மாடு கத்துறதைக் கேக்குற கூட்டத்துக்கு என் கையெழுத்து எதுக்கு?

– அது வேற. இப்ப கொண்டுவந்திருக்கிற இந்தத் தட்டோட அட்டையைப் பாருங்க. ஓரம் எல்லாம் பூச்சி அரிச்சு, இப்படித்தான் எனக்குக் கிடைச்சது. முன்னாடி ஒரு பல்சக்கரம் வரைஞ்சிருக்கு. அதுல ஒரு பல் உடைஞ்சிருக்கு, தெரியுதா? ஆல்பத்தோட பேரு ‘ஏழாவது பல்’. நாலு பேர் வாசிச்சிருக்காங்க, ஒருத்தர் பேரும் போடல.

– அதை உள்ள வை.

– என்னங்க, என்ன ஆச்சு?

– உள்ள வைன்னு சொல்றேன்ல. என் வீட்டுல அதை வெளிய எடுக்காத.

– இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமாய்யா?

– அட்டையை இப்பதான் பாக்குறேன். ஆனா அந்தப் பல் உடைஞ்சது உலகத்துலயே ரெண்டு பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான்.

– இன்னொண்ணு என் கொழுந்தன்தானே? என்னங்க, சின்னவன் போட்ட தட்டா இது?

– நீ உள்ள போய் உன் வேலையைப் பாரு.

– என் வேலை இங்கதான் இருக்கு. கண்ணு, நீ தப்பா எடுத்துக்காத. இந்த வீட்டுல அவர் தம்பி பேச்சை எடுக்கக் கூடாது. நாப்பத்திரண்டு வருஷமா சட்டம். எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தது அவன்தான். அதைக்கூட நான் வாய்விட்டுச் சொன்னதில்ல.

– ஏம்மா ரேடியோக்காரி, ஒண்ணு கேக்குறேன், சுத்தி வளைக்காம சொல்லு. அவன் உயிரோட இருக்கானா?

– இருக்காருய்யா. நல்லா இருக்காரு. பக்கத்து மாநிலத்துல கடை வெச்சிருக்காரு. காது கேக்காதவங்களுக்குக் கருவி பொருத்துற கடை.

– காதுக்கா? உலகத்துல வேற தொழிலே இல்லையா அவனுக்கு!

– அப்பாடா. இருக்கானே, அது போதும். நீ மேல சொல்லு கண்ணு.

– அட்டைக்குப் பின்னாடி ஒரு கட்டட முகவரி மட்டும் இருந்ததும்மா. தேடிப் போனா இப்ப அங்க செருப்புக் கடை. வாசல்ல இருந்த காவலாளி சொன்னாரு, முன்னாடி இது அச்சாபீஸு, ஒட்டின அறையில பசங்க பாட்டுப் பதிவு பண்ணுவாங்கன்னு. அந்தப் பசங்கள்ல ஒருத்தர் இப்ப வெச்சிருக்கிற கடை விலாசத்தையும் அவரே குடுத்தாரு. அங்க போய்த்தான் தம்பியைப் பாத்தேன்.

– பாத்து? வழக்குப் போடப் போறானா?

– வழக்கா? எதுக்குய்யா?

– தட்டைக் கெடுத்ததுக்கு.

– யாரு கெடுத்தா?

– நான்தான். வேற யாரு?

– என்னங்க உளர்றீங்க?

– உளரல. உனக்கும் சொன்னதில்ல. யாருக்கும் சொன்னதில்ல. இப்ப இந்தப் பொண்ணு காகிதத்தோட வந்து நிக்குது, இனிமே மறைச்சு என்ன ஆகப் போகுது. சின்னவனுக்கு நான்தான் அச்சாபீஸ்ல வேலை வாங்கிக் குடுத்தேன். அடிச்ச தாளை எடுத்து அடுக்குற வேலை. நாலே மாசம். கிடார் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, முடியை வளத்துக்கிட்டு, பக்கத்து அறைக்குப் போயிட்டான். நடுவுல ஒரே ஒரு செவுரு. அந்தப் பக்கம் அவன் கூத்து, இந்தப் பக்கம் நான்.

– உங்க மிஷின் சத்தம் அங்க கேக்குமாய்யா?

– கேக்குமாவா? செவுத்துல மாட்டின கண்ணாடி ஆடும். அதுவும் என் மிஷின் நொண்டி மிஷின். பெரிய சக்கரத்துல ஒரு பல் உடைஞ்சு கிடந்துச்சு. ஆறு தாள் ஒழுங்கா விழும், ஏழாவதுல ஒரு இழுப்பு இழுத்துட்டு விழும். அந்த ஏழாவதுக்குக் கையை ஒரு இமைப்பொழுது நிறுத்தி, தள்ளிக் குடுக்கணும். இல்லன்னா தாள் கோணிக்கும். வேற எவன் ஓட்டினாலும் கிழிஞ்சு போகும்.

– அதான் சாப்பிடும்போது ஆறு வாய் போட்டுட்டு ஏழாவதுக்குக் கையை அந்தரத்துல நிறுத்துறீங்களா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து சாப்பாடு பிடிக்கலையோன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் நான்!

– சாப்பாடும் பிடிக்கல, அது வேற. கேளு. ஒரு நாள் காலையில வந்து நிக்கிறான். ‘அண்ணே, இன்னைக்குப் பதிவு. அறை இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் கிடைச்சிருக்கு. மிஷின் ஓடுமாண்ணே?’ன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேலையை விட்டவன், என் வேலையை நிறுத்தச் சொல்ல வந்துட்டான் பாரு. ‘ஓடும், நாள் பூரா ஓடும்’னேன். சிரிச்சுட்டுப் போனான். அந்தச் சிரிப்புல இன்னும் எரிஞ்சுது.

– ஓட்டினீங்களா?

– அங்கதான் அசிங்கம். அன்னைக்கு எனக்கு வேலையே இல்லம்மா. முந்தின நாளே எல்லாத்தையும் முடிச்சாச்சு. ஒரு தாள்கூடப் போடாம வெறும் மிஷினை ஓட்டினேன். அவன் பாட்டு உருப்படக் கூடாதுன்னு. இருபது நிமிஷம்.

– ஐயோ, என்னங்க…

– போதும், நீ ஒண்ணும் சொல்லாத. நானே சொல்லிட்டேன். கடைசியில அவங்க பாட்டு அந்தப் பக்கத்துல இருந்து காதுல விழுந்துச்சு. என் மிஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு வருது, விடவே இல்ல. பாவம், என்ன பாடு படுறான் பாருன்னு தோணுச்சு. மனசு கேக்கல. நெம்புகோலைப் பிடிச்சு நிறுத்திட்டேன். நிறுத்தின அடுத்த நிமிஷம் செவுத்தை இடிக்கிறான். ரெண்டு கையாலயும், இடி இடின்னு. நிறுத்தின பிறகும் ஆத்திரம் அடங்கல அவனுக்கு. அவன் மூஞ்சில முழிக்கத் தெம்பு இல்லாம பின்வாசல் வழியாப் போயிட்டேன். மூணு நாள் வேலைக்கே போகல. நாலாவது நாள் அவன் ஊர்ல இல்ல.

– ஐயா, இப்ப இந்தக் காகிதத்தை வாசிக்கட்டுமா?

– வாசி. வழக்கு நம்பரையும் சேத்து வாசி.

– இந்த ஆல்பத்தைத் திரும்ப வெளியிடப் போறாங்க. இந்தத் தடவை வாசிச்சவங்க எல்லார் பேரும் அட்டையில வரும். உங்க தம்பி போட்ட ஒரே நிபந்தனை, ஒருத்தர் கையெழுத்து குறைஞ்சாலும் வெளியிடக் கூடாது. நாலு பேர் போட்டாச்சு. அஞ்சாவது வரி இது. ‘மிஷின்: என் அண்ணன். தாள் போடாமல், எங்களுக்காகவே ஓட்டினார்.’

– குத்திக் காட்டுறான் பாத்தியா! தாள் போடலைன்னு அப்பவே கண்டுபிடிச்சிருக்கான். தாளை எடுத்து அடுக்கினவனாச்சே, சத்தத்துலயே தெரிஞ்சிருக்கும். நாப்பத்திரண்டு வருஷம் வெச்சிருந்து அச்சுல ஏத்துறான்.

– குத்திக் காட்டுற மாதிரி அவர் பேசலையேய்யா.

– உனக்கு என்ன தெரியும்? எங்களுக்காகவே ஓட்டினாராம்! நான் ஓட்டினது அவனைக் கெடுக்க. பொய்க்கு நான் கையெழுத்து போட மாட்டேன். ஆல்பம் வரலைன்னா வராம போகட்டும்.

– சரி, கையெழுத்து வேண்டாம். பாட்டையாவது கேளுங்க. செல்லுலயே இருக்கு. நீங்க இதுவரைக்கும் முழுசா கேட்டதில்லைல்ல?

– எதுக்கு? என் அசிங்கத்தை நானே கேக்குறதுக்கா?

– போடு கண்ணு. நான் கேக்கணும். அவர் வேணும்னா காதைப் பொத்திக்கட்டும்.

– இதுதான்மா ஆரம்பம். இதோ, நாலாவது நிமிஷத்துக்குத் தள்ளுறேன், இங்க ஒரு சத்தம் வரும் பாருங்க, என் நூத்தி நாப்பது பேரும் அதுக்குத்தான் அடிச்சுக்குறாங்க. ஒருத்தர் டிரம்ஸுங்கிறாரு. ஒருத்தர் ரயில்ங்கிறாரு. ஒருத்தர் பதினோரு பக்கம் எழுதியிருக்காரு, படகு மோட்டார்னு.

– படகா? முட்டாப் பய. சிலிண்டர் உருளுற அச்சு மிஷின்யா அது! படகு எங்கயாவது இப்படி ஒழுங்கா ஓடுமா? இந்தா, இப்ப வருது பாரு. ஒண்ணு, ரெண்டு… அஞ்சு, ஆறு… இழுப்பு. இந்தா, மறுபடியும். ஆறு, இழுப்பு.

– அட, இது நீங்க சாப்பிடுற மாதிரியே இருக்கே!

– சும்மா இரு. ஏம்மா, அந்தக் கிடார் ஏன் ஏழாவதுல நிக்குது?

– எது ஐயா?

– நல்லா கேளு. என் மிஷின் இழுக்குற இடத்துல அவனும் இழுக்குறான். நான் கையைத் தள்ளிக் குடுக்குற மாதிரியே. மல்லுக்கட்டுறவன் இப்படி வாசிக்க மாட்டானே.

– அதைத்தான்யா நாங்க எல்லாரும் வருஷக்கணக்கா கேட்டுக்கிட்டு இருக்கோம். மொத்தப் பாட்டும் அந்தச் சத்தத்து மேலதான் கட்டியிருக்கு.

– அப்படி இருக்காது. அப்ப செவுத்தை ஏன் இடிச்சான்?

– தம்பி உங்ககிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொன்னாரு. நான் வந்த உடனே கேட்டிருக்கணும், உங்க கோவத்துல பயந்துட்டேன்.

– தெரியும். ஏன் ஓட்டினன்னு கேட்டிருப்பான்.

– இல்லய்யா. ‘ஏன் நிறுத்தினாரு? என் பாட்டு அவருக்குப் பிடிக்கலையா?’ இதான் கேள்வி.

– என்னங்க? தண்ணி குடுக்கட்டுமா?

– வேண்டாம். இரு, கடைசி வரைக்கும் கேக்குறேன்… ஏம்மா, பாட்டு நின்னு போச்சே?

– தட்டுல இதோட முடிஞ்சிடும். ஆனா தம்பிகிட்ட அன்னைக்குப் பதிவான டேப் அப்படியே இருக்கு. நீங்க நிறுத்தின பிறகும் அது பதினோரு நொடி ஓடியிருக்கு. அண்ணனுக்கு மட்டும் போட்டுக் காட்டுன்னு குடுத்தாரு. நான்கூட இன்னும் கேக்கல.

– சத்தமா வை. இன்னும் சத்தமா. பேனாவை எங்க வெச்ச நீ?

– இந்தாங்க, கையில பிடிங்க. ஏன் கண்ணு, இந்தத் தடதடன்னு வர்றது என்ன, செவுத்தைத் தட்டுறதா?

– தட்டுறாரும்மா. இருங்க, குரல் ஒண்ணு வருது…

– ‘அண்ணே! ஏண்ணே நிறுத்திட்ட? நிறுத்தாதண்ணே, அதை வெச்சுத்தான் பாட்டே! ஓட்டுண்ணே!’